ஐல் ராயல்: ஓநாய்த் தீவில் கூடாரம் அடிப்பவர்களுக்கு

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குள், அதன் வடமேற்குக் கரைக்குச் சற்றுத் தள்ளி ஐல் ராயல் தீவு இருக்கிறது. ஆட்சிக் கணக்கில் அது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குச் சொந்தம். ஆனால் மிச்சிகன் கரையிலிருந்து புறப்பட்டால் சுமார் 90 கிலோமீட்டர் தண்ணீரைத் தாண்ட வேண்டும். மினசோட்டா மாநிலமும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும்தான் பக்கம். கனடாக் கரை சுமார் 24 கிலோமீட்டரில் இருக்கிறது. தீவின் நீளம் 72 கிலோமீட்டர், அகலம் மிஞ்சிப்போனால் 14. சென்னையிலிருந்து காஞ்சிபுரம்வரை நீளும் நிலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு சாலை இல்லை, ஒரு கார் இல்லை, ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை. சுற்றிலும் நானூறுக்கு மேற்பட்ட குட்டித் தீவுகள். இத்தனையும் சேர்ந்ததுதான் ஐல் ராயல் தேசியப் பூங்கா.

ஆண்டுக்கு இங்கே வருகிறவர்கள் ஏறத்தாழ 25,000 பேர். யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு ஜூலையில் ஒரே நாளில் அந்தக் கூட்டம் வந்துவிடும். ஆனால் அங்கே வருகிறவர்களில் பலர் காரைவிட்டு அதிகம் இறங்குவதில்லை. இங்கே வருகிறவர்கள் மூட்டையோடு இறங்கி மூன்று நான்கு இரவுகளாவது தங்குகிறார்கள். தீவின் நிலப்பரப்பில் 99 சதவீதம் 1976 முதல் சட்டப்படி காப்புக் காடு. 1980-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலிலும் சேர்ந்தது.

முகாமிடுவதற்கு இங்கே இருக்கும் விதிகள் முதல் பார்வைக்குக் கொஞ்சம் கெடுபிடியாகத் தெரியும். நாய் கூடாது. சைக்கிள் கூடாது; சக்கரம் வைத்த எதுவும், மாற்றுத்திறனாளிகளின் சக்கர நாற்காலி தவிர, கூடாது. தண்ணீரை மாத்திரை போட்டு மட்டும் குடிக்கக் கூடாது. குளிர்காலத்தில் வரவே கூடாது. காரணத்தைத் தேடிப் போனால் பெரும்பாலான விதிகள் இரண்டில் ஒன்றில் போய் நிற்கும்: ஒன்று ஏரி, இன்னொன்று ஓநாய்.

முதலில் ஏரி. சுப்பீரியரின் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆழமான இடத்தில் 406 மீட்டர். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. நவம்பர்ப் புயல்களில் பெரிய சரக்குக் கப்பல்களே மூழ்கியிருக்கின்றன. ஆழத்து நீர் ஆண்டு முழுவதும் 4 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருப்பதால் நடுக்கோடையில்கூட மேல்நீர் கையை மரத்துப்போகச் செய்யும். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பூங்காவை முழுவதுமாக மூடிவிடுவதற்கு இந்த ஏரிதான் காரணம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் குளிர்காலம் முழுக்க இப்படிக் கதவடைப்பது இது ஒன்றுதான்.

தீவுக்குப் போக நான்கு வழிகள் உண்டு. மிச்சிகனின் ஹாட்டன் நகரிலிருந்து பூங்காவின் சொந்தக் கப்பலான ரேஞ்சர் 3 கிளம்புகிறது. 1958-ல் கட்டிய கப்பல், 50 மீட்டர் நீளம், ஆறு மணி நேரப் பயணம். காப்பர் ஹார்பரிலிருந்து ஐல் ராயல் குயீன் 4 மூன்றரை மணி நேரத்தில் கொண்டுசேர்க்கும். மினசோட்டாவின் கிராண்ட் போர்ட்டேஜிலிருந்து வாயேஜர் 2 இரண்டு மணி நேரத்தில் தீவின் மேற்கு முனைக்கு வந்து, பிறகு தீவைச் சுற்றிப் பல துறைகளில் ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டு போகும். போகும்போதோ வரும்போதோ ஒரு திசையில் மட்டும் நடக்க விரும்புவோருக்கு இந்தப் படகு பெரிய வசதி. நான்காவது, தண்ணீரில் இறங்கும் சிறு விமானம். நேரம் மிச்சம், ஆனால் அதில் அடுப்பு எரிபொருள் ஏற்ற விடமாட்டார்கள். கேஸ் குடுவையைத் தீவில் இறங்கிய பிறகுதான் வாங்க வேண்டும்.

இறங்குதுறைகளில் முக்கியமானவை இரண்டு: கிழக்கு முனையில் ராக் ஹார்பர், மேற்கில் விண்டிகோ. இரண்டிலும் சிறிய கடை, குளியலறை, ரேஞ்சர் அலுவலகம் உண்டு. ராக் ஹார்பரில் மட்டும் ஒரு விடுதியும் உணவகமும் இருக்கின்றன. படகிலிருந்து இறங்கியவர்களை ரேஞ்சர் ஒருவர் கூட்டி நிறுத்தி, குப்பையைத் திரும்ப எடுத்துப் போவது முதல் மூஸ் என்ற பெரிய மானைக் கண்டால் எவ்வளவு தள்ளி நிற்பது என்பதுவரை சொல்லிக்கொடுப்பார். பிறகு எந்த இரவு எந்த முகாம் என்று சொல்லி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஆறு பேர்வரை உள்ள குழுவுக்குச் சீட்டு இலவசம். பூங்காவுக்கான கட்டணம் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 டாலர். ஏழிலிருந்து பத்துப் பேர் என்றால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும்.

சீட்டில் எழுதிய முகாமுக்கே போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கால் வலித்தால், மழை பிடித்தால் வழியிலுள்ள முகாமில் தங்கிக்கொள்ளலாம். எந்த முகாமிலும் இடம் பிடித்து வைக்க முடியாது. முதலில் வந்தவருக்கு முதல் இடம். எல்லாம் நிறைந்துவிட்டால் பின்னால் வருகிறவரோடு முன்னவர் இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகஸ்ட் மாலை ஒன்றில் களைத்து வந்த குடும்பத்துக்கு முன்பின் தெரியாத யாரோ தம் கூடாரத்தை நகர்த்தி இடம் விடுவது இங்கே சாதாரணக் காட்சி.

தீவு முழுக்க 36 முகாம்கள். சிலவற்றுக்கு நடந்து மட்டுமே போகலாம், சிலவற்றுக்குப் படகில் மட்டுமே. கரையோர முகாம்கள் பலவற்றில் மரக்குடில்கள் இருக்கின்றன. மூன்று பக்கம் பலகைச் சுவர், நாலாவது பக்கம் மேலிருந்து கீழ்வரை கொசுக்கம்பி வலை, ஸ்பிரிங் வைத்த வலைக்கதவு, பலகைத் தரை. ஆறு பேர் படுக்கலாம். உள்ளே மின்சாரம், தண்ணீர், கட்டில் எதுவும் கிடையாது. உள்சுவர்களில் பல பத்தாண்டுகளாகத் தங்கியவர்கள் பென்சிலாலும் கத்தியாலும் எழுதிவிட்டுப் போன பெயர்கள், தேதிகள், மழை பெய்த நாள் கணக்கு, மூஸ் வந்த நேரம் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். எழுதக் கூடாது என்பது விதி. ஆனால் மூன்று நாள் மழையில் மாட்டிக்கொண்டவருக்கு அதைவிட நல்ல வாசிப்புப் பொருள் அந்தக் குடிலில் இல்லை. ஜூன் மாதத்தில் இந்தக் கொசுவலையின் அருமை தெரியும்; கூடாரத்துக்குள் முடங்காமல் உட்கார்ந்து சாப்பிட முடிகிற ஒரே இடம் அதுதான்.

குடில் கிடைக்கும் என்று நம்பிக் கூடாரம் இல்லாமல் வருகிறவர்கள் அவ்வப்போது உண்டு. அது வேண்டாத துணிச்சல். தீவின் உட்பகுதி முகாம்களில் பெரும்பாலும் குடிலே கிடையாது. சமையலுக்கும் அடுப்பு கையோடு இருந்தாக வேண்டும். பெரும்பாலான முகாம்களில் விறகு மூட்ட அனுமதியில்லை. தீவின் மண் மிக மெல்லியது, பாறைமேல் படிந்த மட்கு. அதில் பிடித்த நெருப்பு அடியிலேயே புகைந்து பரவும். 1936-ல் மரம் வெட்டிய பகுதியை ஒட்டிப் பிடித்த தீ தீவின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எரித்தது. 2021-லும் 2022-லும் மீண்டும் தீ பரவிச் சில பாதைகளை மூட வேண்டியிருந்தது.

நடக்கும் பாதைகள் மொத்தம் 265 கிலோமீட்டர். அவற்றின் போக்கைப் புரிந்துகொள்ளத் தீவு பிறந்த விதம் தெரிய வேண்டும். சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் கண்டம் நடுவில் பிளக்கத் தொடங்கியது. பிளவு முழுமையடையவில்லை, ஆனால் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து பரவி, தன் எடையாலேயே நடுவில் அமிழ்ந்தது. அமிழ்ந்த பகுதிதான் இன்று ஏரியின் அடி. அந்தப் பாறை அடுக்குகளின் ஒரு விளிம்பு மிச்சிகனின் கீவினா தீபகற்பத்தில் மேலே வருகிறது, எதிர் விளிம்பு ஐல் ராயலில். சாய்ந்து நிற்கும் அடுக்குகளில் மென்மையானவற்றைப் பனிப்பாறைகள் சுரண்டிவிட்டன; கடினமானவை முகடுகளாக நின்றுவிட்டன. அதனால் தீவு முழுக்கத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக முகடு, பள்ளத்தாக்கு, முகடு, பள்ளத்தாக்கு என்று இணைகோடுகள். நீள் ஏரிகளும் விரல்போல் நீண்ட வளைகுடாக்களும் அதே திசையில்தான் கிடக்கின்றன.

நடப்பவருக்கு இதன் பொருள் எளிது. தீவின் நீளவாக்கில் நடந்தால் முகடு ஒன்றின் மேலேயே போய்க்கொண்டிருக்கலாம். குறுக்கே நடந்தால் ஒவ்வொரு முகடாக ஏறி இறங்கி, நடுவிலுள்ள சதுப்புகளில் இரண்டே பலகை அகலப் பாலத்தில் கால்வைத்துத் தாண்ட வேண்டும். வடமேற்குச் சரிவுகள் செங்குத்து, தென்கிழக்குச் சரிவுகள் சாய்வு. வரைபடத்தில் நான்கு கிலோமீட்டர் என்று காட்டும் குறுக்குப் பாதை அரை நாளைத் தின்றுவிடும்.

முதுகெலும்புபோல் ஓடும் கிரீன்ஸ்டோன் முகட்டுப் பாதை 64 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பெரும்பாலோர் நான்கு அல்லது ஐந்து நாளில் முடிக்கிறார்கள். தீவின் உச்சியான டெஸர் குன்று, 425 மீட்டர், இந்த வழியில்தான். உச்சி என்று ஆவலோடு ஏறுகிறவர்களுக்கு அங்கே மரங்கள் மறைத்து எதுவும் தெரியாது. பார்வைக்கு ஓஜிப்வே குன்றும் அதன்மேலுள்ள பழைய தீக்கண்காணிப்புக் கோபுரமும் எவ்வளவோ மேல். அங்கிருந்து ஒரு பக்கம் திறந்த ஏரியும் மறுபக்கம் கனடாக் கரையின் மலைகளும் தெரியும். வடக்கே மினாங் முகட்டுப் பாதை கடினமானது: வெறும் பாறை, பாதை எங்கே என்று கற்குவியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், பீவர் கட்டிய அணையின் மேலேயே நடந்து கடக்கும் இடங்களும் உண்டு. முதல்முறை வருகிறவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இனி ஓநாய். அதற்கு முன் மூஸ். குதிரையைவிட உயரமான, பெரிய ஆண் 400 கிலோவைத் தாண்டும் இந்த மான் இனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவுக்கு வந்தது. நீந்தியே வந்திருக்கும் என்பது பரவலான கருத்து. மூஸ் நன்றாக நீந்தும். அதற்கு முன் இங்கே கரிபூ மான்கள் இருந்தன, அவை மறைந்துவிட்டன. வேட்டையாட யாரும் இல்லாததால் மூஸ் கூட்டம் பெருகி, தின்ன எதுவும் மிஞ்சாமல் பட்டினியில் மடிந்து, மறுபடி பெருகியது. 1940-களின் கடைசியில் ஏரி உறைந்த ஒரு குளிர்காலத்தில் சில ஓநாய்கள் பனிமேல் நடந்து வந்து சேர்ந்தன. அதுவரை தீவில் இருந்த கொயோட்டிகள் சில ஆண்டுகளில் இல்லாமல் போயின.

ஒரே இரை, ஒரே வேட்டைவிலங்கு, சுற்றிலும் தண்ணீர். விலங்கியலாளர்களுக்கு இதைவிடத் தெளிவான ஆய்வுக்களம் அமையாது. 1958-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் டர்வர்ட் ஆலன் தொடங்கிய ஆய்வு, இன்றுவரை தொடர்கிறது. இரையும் வேட்டைவிலங்கும் பற்றிய ஆய்வுகளில் உலகிலேயே மிக நீண்டது இதுதான். டேவிட் மீச் அதில் முதல் மாணவர். பின்னர் ரோல்ஃப் பீட்டர்சனும் ஜான் வுசெடிச்சும் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். பூங்கா மூடியிருக்கும் குளிர்காலத்தில், பனிச்சறுக்குக் கட்டை பொருத்திய சிறு விமானத்தில் பறந்து ஓநாய்களை எண்ணுகிறார்கள். கோடையில் தன்னார்வலர்கள் காட்டுக்குள் பாதையில்லாமல் நடந்து செத்த மூஸ்களின் எலும்புகளைப் பொறுக்குகிறார்கள். ராக் ஹார்பருக்கு அருகில் பேங்சண்ட் என்ற பழைய மீனவர் குடிலின் முற்றத்தில் இந்த மண்டையோடுகளும் கொம்புகளும் வரிசையாகக் கிடக்கும். இடுப்பெலும்புக் குழியைப் பார்த்தால் மூட்டுவாதம் அரித்த சொரசொரப்பு கையில் தட்டும். குட்டியாக இருந்தபோது சரியாகத் தீனி கிடைக்காத மூஸ்களுக்கே வயதானபின் இந்த மூட்டுவாதம் அதிகம் வருகிறது என்று இந்த எலும்புகளிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள்.

1980-ல் தீவில் 50 ஓநாய்கள் இருந்தன. இரண்டே ஆண்டில் 14. பார்வோ வைரஸ் என்ற நாய்க்கொல்லி நோய் தீவுக்குள் நுழைந்ததே காரணம், அதுவும் யாரோ கொண்டுவந்த வளர்ப்பு நாய் வழியாக வந்திருக்கக்கூடும். நாய்க்குத் தடை என்ற விதியின் நியாயம் இங்கே இருக்கிறது. படகில் கட்டிப்போட்டுக் கரையில் இறக்காமல் வைத்திருக்கிறேன் என்றாலும் விடமாட்டார்கள்.

அடி வாங்கிய ஓநாய்க் கூட்டம் முழுதாக எழவேயில்லை. 1997-ல் வெளியிலிருந்து ஓர் ஆண் ஓநாய் பனிப்பாலத்தில் நடந்து வந்து புதிய இரத்தம் கொடுத்தது. கொஞ்ச காலத்தில் கூட்டம் முழுக்க அதன் வாரிசுகளாகி, உறவுக்குள்ளேயே இணை சேரும் சிக்கல் திரும்பியது. முதுகெலும்பு கோணலான ஓநாய்கள் பிறந்தன. 2012-ல் பழைய சுரங்கக் குழி ஒன்றில் விழுந்து மூழ்கிய மூன்று ஓநாய்களின் உடல்களை எடுத்தார்கள். 2016-ல் மிச்சம் இரண்டு. ஓர் ஆண், ஒரு பெண், அப்பாவும் மகளும். முன்பெல்லாம் பெரும்பாலான குளிர்காலங்களில் உருவான பனிப்பாலம் இப்போது அபூர்வமாகிவிட்டதால், வெளியிலிருந்து புதிய ஓநாய் வரும் வழியும் அடைத்துக்கொண்டது.

பூங்கா நிர்வாகம் தலையிடலாமா என்று பல ஆண்டு விவாதம் நடந்தது. காப்புக் காடு என்றால் மனிதக் கை படாமல் விடுவதுதான் முறை என்றது ஒரு தரப்பு. பனிப்பாலம் அறுந்ததே மனிதர் சூடாக்கிய பருவநிலையால்தானே என்றது மறுதரப்பு. இரண்டாவது வாதத்துக்கே வலு அதிகம் என்று தோன்றுகிறது. நாய் கொண்டுவந்த நோயும், மூடாமல் விட்ட சுரங்கமும், உறையாத ஏரியும் இருக்கும் இடத்தில் ‘கை படாதது’ என்று சொல்லிக்கொள்ள அதிகம் மிஞ்சவில்லை. 2018 முதல் 2019 வரை மினசோட்டா, மிச்சிகன், ஒன்டாரியோ பகுதிகளிலிருந்து 19 ஓநாய்களைப் பிடித்து வந்து விட்டார்கள். அவற்றில் ஒன்று 2019 ஜனவரியில் உருவான பனிப்பாலத்தில் நடந்து ஊருக்கே திரும்பிவிட்டது. மற்றவை குடும்பம் பெருக்கி, 2024 கணக்கெடுப்பில் 30 ஓநாய்கள். 2,000-ஐத் தாண்டியிருந்த மூஸ் அதே காலத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது.

முகாமிடுபவர் ஓநாயைப் பார்ப்பது அரிது. சேற்றுப் பாதையில் உள்ளங்கை அகலத் தடமும், முடி நிறைந்த எச்சமும் கண்ணில் படும். சிலசமயம் இரவில் ஊளை கேட்கும். அந்த எச்சத்தில்தான் குடிநீர்ச் சிக்கல் இருக்கிறது. ஓநாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டைகள் எச்சத்தோடு வெளியேறித் தண்ணீரிலும் புல்லிலும் கலக்கின்றன. மூஸ் அதைத் தின்ன, அதன் நுரையீரலில் நீர்க்கட்டிகள் வளர்கின்றன. அந்த மூஸை ஓநாய் தின்ன, சுழற்சி முழுமையாகிறது. மூஸின் இடத்தில் மனிதர் நுழைந்தால் கட்டி அவருடைய கல்லீரலிலோ நுரையீரலிலோ வளரும். இந்த முட்டையின் ஓடு குளோரின் மாத்திரைக்கும் அசையாது, புற ஊதாக் கதிர் விளக்குக்கும் அசையாது. தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், அல்லது 0.4 மைக்ரானுக்கு மேற்படாத துளையுள்ள ஃபில்டரில் வடிக்க வேண்டும். ராக் ஹார்பர், விண்டிகோ குழாய்களைத் தவிரத் தீவில் வேறெங்கும் சுத்திகரித்த நீர் கிடையாது. கோடையில் உள் ஏரிகள் சிலவற்றில் நச்சுப்பாசியும் படரும். அந்த நீரை வடித்தாலும் கொதிக்க வைத்தாலும் பயனில்லை, விட்டுவிட்டு அடுத்த ஏரிக்குப் போக வேண்டியதுதான்.

மூஸை மட்டும் பார்க்காமல் திரும்புவோர் குறைவு. விடியற்காலையில் விண்டிகோவின் வாஷிங்டன் ஓடையில், முழங்கால் ஆழத் தண்ணீரில் தலையை முழுக்க அமிழ்த்தி நீர்ச்செடிகளைப் பிடுங்கித் தின்னும். அமைதியான பிராணிபோல் தெரியும். மே, ஜூனில் குட்டியோடு நிற்கும் தாயும், செப்டம்பர் கடைசியில் இணை தேடும் ஆணும் ஓநாயைவிட ஆபத்து. காதைப் பின்னுக்கு மடித்துப் பிடரி மயிரைச் சிலிர்த்தால் பெரிய மரம் ஒன்றின் பின்னால் போய்விட வேண்டும்.

கரடி இந்தத் தீவில் இல்லை. மூஸைத் தவிர வேறு மான், ரக்கூன், ஸ்கங்க், முள்ளம்பன்றி எதுவும் இல்லை. நீரைத் தாண்ட முடிந்தவையே இங்கே உண்டு. அதற்காக உணவை வெளியே வைத்துவிட்டுத் தூங்க முடியாது. சிவப்பு அணில் பையைக் கடித்துத் துளைத்துவிடும். நரி அதைவிடக் கைதேர்ந்தது: சாப்பாடு கிடைக்காவிட்டால் செருப்பைத் தூக்கிக்கொண்டு போகும். வியர்வை உப்புக்காக ஷூவைக் கவ்விச் சென்று, காலையில் ஒற்றை ஷூவோடு நிற்பவர்கள் கதை எல்லா முகாம்களிலும் உண்டு. ஷூவைக் கூடாரத்துக்குள் வைத்துப் படுப்பது இத்தீவின் எழுதாத சட்டம்.

மனிதர் இங்கே பெரும்பாலும் கோடைக்கு வந்து போனவர்களே. ஓஜிப்வே மக்களுக்கு இது மினாங். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இத்தீவின் தூய செம்பைப் பாறையிலிருந்து உடைத்தெடுத்திருக்கிறார்கள். கையளவு உருண்டைக் கல்லே சம்மட்டி. ஆயிரக்கணக்கான ஆழமற்ற குழிகள் இன்றும் பாசி மூடிக் கிடக்கின்றன. 1840-களில் செம்புக் கம்பெனிகள் வந்தபோது அந்தப் பழைய குழிகளைப் பார்த்துத்தான் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்தன. அவற்றால் இலாபம் பார்க்க முடியவில்லை. நூற்றாண்டு முடிவதற்குள் கடையைக் கட்டின. பிறகு நார்வே, சுவீடன் மீனவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து வலை வீசினார்கள். செல்வந்தர்கள் கோடை விடுதி கட்டினார்கள். 1920-களில் காகித ஆலைக்காக மரம் வெட்டத் திட்டம் போட்டபோது, டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகையாளர் ஆல்பர்ட் ஸ்டோல் தீவைப் பூங்காவாக்கக் கோரித் தொடர்ந்து எழுதினார். 1931 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது, 1940-ல் பூங்கா அமைந்தது, போர் முடிந்து 1946-ல் விழா நடந்தது. ராக் ஹார்பரிலிருந்து ஸ்கோவில் முனைக்குப் போகும் சிறு பாதைக்கு ஸ்டோலின் பெயர். பழைய செம்புக் குழிகள் அதே பாதையோரம்தான் இருக்கின்றன. வந்த அன்று மாலையில் மூட்டை இல்லாமல் நடக்க அதைவிடப் பொருத்தமான வழி இல்லை. கரையில் பச்சை ஆமை ஓடுபோல் கோலமிட்ட கிரீன்ஸ்டோன் கற்கள் கிடைக்கும். 1972 முதல் மிச்சிகனின் மாநில மணிக்கல் அது. எடுத்து வரக் கூடாது.

கேனூவிலோ கயாக்கிலோ முகாம் மாறுவோரும் உண்டு. உள் ஏரிகளில் படகைத் தோளில் சுமந்து ஏரிக்கு ஏரி மாறலாம். திறந்த சுப்பீரியரில் கயாக் தள்ளுவது அனுபவசாலிகளின் வேலை. காலையில் கண்ணாடியாக இருக்கும் நீர் மதியத்துக்குள் புரண்டெழும், மூடுபனி ஐந்து நிமிடத்தில் கரையை மறைக்கும், கவிழ்ந்தால் குளிரே முதலில் கொல்லும். தீவைச் சுற்றிப் பத்துப் பெரிய கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. 1928 ஜூனில் விண்டிகோவுக்கு அருகே பாறையில் மோதிய ‘அமெரிக்கா’ என்ற பயணிக் கப்பலின் முன்முனை நீர்மட்டத்துக்குச் சில அடி கீழேதான். மேலே படகு போகும்போது குனிந்தால் தெரிகிறது. பயணிகளும் பணியாட்களும் எல்லோரும் தப்பினார்கள். இறந்தது கப்பலில் கட்டியிருந்த ஒரு நாய் மட்டும்.

எப்போது போவது என்பதற்கு ஒரே விடை இல்லை. மே மாதம் குளிர், ஆனால் கொசு இல்லை. ஜூன் நடுவிலிருந்து ஜூலைவரை கொசுவும் கடிக்கும் கறுப்பு ஈயும் மொய்க்கும். தலைவலை இல்லாமல் முகட்டை விட்டு இறங்க முடியாது. ஆகஸ்ட் நடுவில் பூச்சி குறைந்து, பாதையோரம் திம்பிள்பெர்ரி பழுத்துச் சிவந்திருக்கும். கூட்டமும் அப்போதுதான். செப்டம்பரில் ஆளும் பூச்சியும் குறைவு, இலைகள் மஞ்சளாகும், படகும் குறைந்துவிடும். எந்த மாதமானாலும் இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போகக்கூடும் என்று கணக்குப் போட்டே ஸ்லீப்பிங் பேக் எடுக்க வேண்டும்.

முதல்முறைக்கு நான்கு இரவுகள் போதும். ராக் ஹார்பரில் இறங்கி 4 கிலோமீட்டரிலுள்ள த்ரீ மைல் முகாம், மறுநாள் தீவின் பெரிய முகாமான டெய்சி ஃபார்ம், அடுத்து மாஸ்கி பேசின், பிறகு முகட்டில் ஏறி ஓஜிப்வே கோபுரம் வழியாகத் திரும்புவது என்று போட்டால் ஏரிக்கரையும் முகடும் இரண்டும் கிடைக்கும். மாஸ்கி பேசினில் குடிலுக்கு முன்னாலேயே பாறை சாய்ந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. மாலையில் லூன் பறவைகள் கூவுவது அங்கே நன்றாகக் கேட்கும். செல்போன் சிக்னலை நம்பிப் போகக் கூடாது. யாராவது விழுந்து காலை உடைத்துக்கொண்டால் வேறொருவர் நடந்துபோய்ச் சொல்ல வேண்டும், அல்லது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி கையில் இருக்க வேண்டும். உதவி வர ஒரு நாள்கூட ஆகலாம்.

திரும்பும் நாளைக் கணிக்கும்போது ஏரியை மறந்துவிடக் கூடாது. காற்று எழுந்தால் படகு கிளம்பாது, மூடுபனியில் விமானம் இறங்காது. அனுபவப்பட்டவர்கள் ஒரு நாள் கூடுதல் உணவும், மருந்து சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் கூடுதல் மாத்திரையும் எடுத்துப் போகிறார்கள். மறுகரையிலிருந்து ஊருக்குப் போகும் விமான டிக்கெட்டைப் படகு சேரும் அன்றைக்கே போடுவதில்லை.